பதினோராம் பகுதியில் இறந்தவர்

மார்ச் 3, திங்கள்

மன்னிக்க வேண்டும். எழுதி வைக்கிற அளவுக்கு என் வாழ்க்கையில் எதுவும் நடப்பதில்லை. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் தெரியவில்லை. இந்த நோட்டிடம்தான் போல. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த மாதக் கடைசியில் நிரந்தரமா, வீட்டுக்கா என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் இதைப் பேசினால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. அதனால் இங்கே.

எங்கள் கம்பெனி ஜப்பான் பொம்மைப்படத் தொடர்களை வாங்கித் தமிழில் பேசவைத்து, டிவிக்கு ஏற்றபடி வெட்டிக் கொடுக்கும். இப்போது அதையே டிஸ்க்காக வெளியிடுகிறார்கள். அட்டையில் ‘டிவியில் காட்டாத காட்சிகளுடன்’ என்று வரும். அந்தக் காட்சிகளைத் தேடிப் பிடிப்பது என் வேலை. ஜப்பானிலிருந்து வந்த பிரதி ஒரு திரையில், டிவியில் போனது இன்னொன்றில். இரண்டும் சேர்ந்து ஓடும். ஒன்று தாவினால் நிறுத்தி நேரம் குறிப்பேன். எடிட்டர் அந்தத் துண்டைத் திரும்ப ஒட்டுவார். டிவிக்காக வெட்டியவரும் அவர்தான். எல்லோருக்கும் அவர் கத்திரி. எனக்குக் கத்திரி அண்ணன்.

“வெட்டுனதும் நானே, தையல் போடுறதும் நானே. இந்தக் கொடுமை எங்கயாவது உண்டா?” என்றார் இன்று. சிரித்தேன்.

மூட்டை தூக்கும் அப்பாவிடம் கூட்டாளிகள் கேட்டார்களாம், பொண்ணு படிச்சிட்டு என்ன பண்ணுது என்று. “ஆபீஸ்ல உக்காந்து டிவி பாக்குது, அதுக்குச் சம்பளம் வேற” என்றாராம். பெருமையாகத்தான்.

மார்ச் 6, வியாழன்

படகுக்காரச் சிறுமியின் தொடர் முடிந்தது. இருபத்தாறு பகுதிகள். பெரிய வெட்டு பதினொன்றாவதில், நான்கு நிமிடம். புயலில் படகு கவிழ்ந்து அவள் அப்பா இறக்கிறார். அவள் கரையில் நின்று பார்க்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று டிவிக்காக எடுத்திருந்தார்கள். இப்போது அது திரும்ப வந்துவிட்டது, ஜப்பானியக் குரலிலேயே, கீழே ஆங்கிலப் பிரதியைப் பார்த்து நான் எழுதிய தமிழ் வரிகளோடு.

சரிபார்ப்புத் தாளில் ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு கட்டம்: படம், ஒலி. அறையில் இருப்பது ஒரே ஹெட்ஃபோன். அது கத்திரி அண்ணன் காதில். பக்கத்து அறையில் குரல் பதிவு நடப்பதால் சத்தமாக வைக்க முடியாது. கொஞ்ச நேரம் கொடுங்கண்ணா என்று கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. படத்தை மட்டும் பார்த்துவிட்டு இரண்டு கட்டத்திலும் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

வருகிற வெள்ளி டிஸ்க் அடிக்கப் போகிறது.

மார்ச் 8, சனி

மாதிரி டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். பதினொன்றாவதில் மடிப்பதை நிறுத்திவிட்டாள். பன்னிரண்டு ஓடியது. சிறுமி அழுகிறாள், அவள் அம்மா அணைத்துக்கொண்டு, அழகான தமிழில், “அப்பா கப்பல் வேலைக்குப் போயிருக்காரு. மழைக்காலம் முடிஞ்சதும் வந்துருவாரு” என்கிறாள்.

“ஏண்டி, அவருதான் செத்துட்டாரே?” என்றாள் அம்மா. “புள்ளை கரையில நின்னு பாத்துச்சே. அதுகிட்டயே வருவாருங்கறா?”

சாவை வெட்டியபோது பேச்சையும் மாற்றியிருக்கிறார்கள். நாங்கள் சாவை மட்டும் திரும்ப ஒட்டிவிட்டோம். பேச்சு அப்படியே கிடக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

எல்லாப் பகுதிகளையும் கேட்டேன். ஐந்து பகுதிகளில், அந்த அம்மா பேசும் ஒன்பது வசனம். கடிதம் போட்டிருக்கிறார், பொம்மை வாங்கி வருவார், உன்னைக் கேட்டதாகச் சொன்னார். செத்தவர்.

ஏன் கேக்கல? வாயைத் திறந்து ஹெட்ஃபோன் கேட்டா கத்திரி அண்ணன் கடிச்சா தின்னுருவாரு? காலேஜ் போய் என்னத்த கிழிச்சேன்?

மார்ச் 10, திங்கள்

சொல்லத்தான் போனேன். மேலாளர் என் தாளை எல்லோருக்கும் காட்டி, வேலைன்னா இப்படிச் சுத்தமா இருக்கணும் என்றார். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. கடிதம் எழுதினேன், கிழித்தேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு மனம். அப்பா இல்லாத ஏதாவது ஒரு பிள்ளை இந்த டிஸ்க்கைப் பார்த்தால் – என்று இன்னொரு மனம். இரண்டும் என்னைச் சாப்பிட விடவில்லை. நாளை ஒரு நாள்தான். அதற்கு மேல் போனால் திருத்த நேரமிருக்காது.

மார்ச் 12, புதன்

சொன்னேன்.

முழுதாகக் கேட்பதற்கு முன்பே மேலாளர் கத்திரி அண்ணனைக் கூப்பிட்டார். ஒட்டியவன் பார்க்க வேண்டாமா, கண் பிடரியில் இருக்கிறதா என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். அண்ணன் தரையைப் பார்த்து நின்றார்.

“அவர் இல்ல சார். ஒலியை நான்தான் பாக்கணும். கேக்காமயே டிக் போட்டேன்.”

அவர் தாளை எடுத்துப் பார்த்தார்.

“சொல்லாம விட்டிருந்தா யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க, தெரியுமா?”

“எங்கம்மா கண்டுபிடிச்சுட்டாங்க சார்.”

கத்திரி அண்ணன் இருமுவதுபோல் சிரிப்பை விழுங்கினார். மேலாளர் சிரிக்கவில்லை. வசனம் எழுதுகிறவர் ஊரில் இல்லை, நாளைக் காலைக்குள் ஒன்பதையும் நீயே மாற்றி எழுது என்றார். வெளியே வந்ததும் கத்திரி அண்ணன் நேரே அறைக்குப் போனார். தன் ஹெட்ஃபோனைக் கழற்றி என் மேசையில் வைத்தார்.

மார்ச் 13, வியாழன்

நினைத்தபடி எழுத முடியாது. வாய் அசைகிற நேரத்துக்குள் அடங்க வேண்டும். ‘மழைக்காலம் முடிஞ்சதும் வந்துருவாரு’ இருந்த இடத்தில் என்ன சொல்வது? அப்பாவை இழந்த பிள்ளைக்கு நான்கு நொடியில் என்ன சொல்ல முடியும்? கண்ணாடி முன் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் இதுதான் வந்தது: “இனி நாம ரெண்டு பேருதான். அழணும்னா அழுதுடு.”

அந்த அம்மாவுக்குக் குரல் கொடுக்கும் அக்கா வந்து, ஒரே மூச்சில் ஒன்பதையும் பேசினார். பேசி முடித்துத் தண்ணீர் குடித்தார்.

“ஆறு மாசமா வருவாரு வருவாருன்னு பொய் சொல்லிட்டே இருந்தேன்” என்றார். “இப்பத்தான் என்னை அழ விட்டிருக்கீங்க.”

அப்புறம் மாற்றிய ஐந்து பகுதியையும் திரும்பக் காதால் கேட்டேன். அப்புறம்தான் டிக்.

மார்ச் 19, புதன்

கடைசித் தேதி நெருங்குகிறது. நிரந்தரமானதும் எல்லோருக்கும் இனிப்பு கொடுக்கப் போவதாக அம்மா தெருவில் சொல்லி வைத்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

மார்ச் 31, திங்கள்

நிரந்தரம் இல்லை. இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று கடிதம். கேட்காததைக் கேட்டதாகக் கையெழுத்துப் போட்டவளுக்கு இது குறைச்சல்தான். அழுகை வரும் என்று பயந்தேன், வரவில்லை.

அடுத்த தொடர் வந்துவிட்டது, போர்க் கதை, நாளை டிவிக்கு வெட்ட ஆரம்பிக்கிறோம் என்றார் மேலாளர். வேறு ஏதாவது சொல்லணுமா என்று கேட்டார். இல்ல சார் என்றேன். கதவு வரை போனேன். கைப்பிடியைப் பிடித்தேன். பிறகு திரும்பி அவர் மேசைக்கே வந்தேன்.

“வெட்டும்போது என்னையும் உள்ள உக்கார வைங்க சார். ஒருத்தர் செத்தா செத்தாருன்னே பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் எழுதித் தர்றேன்.”