பாப்பா அழுதால் அதிரும் தலையணை

மர்பி டவுன், பெங்களூர்
17-9-1962

அன்புள்ள அல்போன்சாவுக்கு,

மாதாவின் தயவில் இங்கே நான் சுகம். தங்கவயலில் நீயும் பாப்பாவும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. டைபாய்டில் காது போனவளிடம், அதுவும் நான் நைட் ஷிப்டுக்குப் போய்விடும் வீட்டில், பச்சைக் குழந்தையை எப்படி விடுவது என்று அத்தை கேட்கிறார்களாம். பாப்பா நடக்கும்வரை அங்கேயே இருக்கட்டும், நீ மட்டும் திரும்பிப் போ என்கிறார்களாம். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பொய். கொஞ்சம் இருக்கிறது.

அந்தக் கோபத்தில் ஒன்று செய்திருக்கிறேன். தொட்டில் கயிற்றில் ஒரு மைக். அதன் ஒயர் நம் பழைய ரேடியோவைப் பிரித்துக் கட்டிய பெட்டிக்கு வருகிறது. பெட்டியிலிருந்து உன் தலையணைக்கு அடியில், கிண்ணம் கழற்றிய காலிங்பெல் ஒன்று சோப்பு டப்பாவுக்குள். பாப்பா அழுதால் பெல்லின் சுத்தி படபடவென்று டப்பாவில் அடிக்கும், உன் கன்னத்துக்குக் கீழே தலையணை அதிரும், நீ எழுந்துவிடுவாய்.

முதலில் மானத்தை வாங்கிவிட்டது. கோயில் மணிக்கும் அதிர்ந்தது, தயிர்க்காரி சந்திரம்மா "மொசரு" என்று கூவினாலும் அதிர்ந்தது. அழுகைக்கு மட்டும் அசையும்படி பெட்டிக்குள் இருக்கும் காயில் கம்பியை மாற்றி மாற்றிச் சுற்றினேன். சோதித்துப் பார்க்க வீட்டில் குழந்தை ஏது? நானே தொட்டிலில் குனிந்து வீல்வீலென்று அழுதேன். அருமையாக அதிர்ந்தது. நீ வந்துவிட்டாய் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு ஃபாத்திமா அக்கா ஓடிவந்தார். தொட்டிலுக்குள் தலையை விட்டு நான் அழுவதைப் பார்த்தும் அவர் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் வெட்கமாகிவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து தொட்டிலில் போட்டார். அது தெருவுக்கே கேட்க அழுதது. தலையணை அசையவேயில்லை! மடையன் நான், என் குரலுக்கு அதைப் பழக்கி வைத்திருக்கிறேன். பிறகு அந்தக் குழந்தையை வைத்தே சரிசெய்தேன். குளிப்பாட்டியதும் அக்கா தூக்கி வருவார், அப்போது அது தப்பாமல் அழும். இப்போது வாயைத் திறந்ததும் அதிர்கிறது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நானே படுத்துப் பார்த்துவிட்டேன்.

கரண்ட் போனால் வேலை செய்யாது, அதை மறைக்க மாட்டேன். அந்த நாட்களில் நம் வீட்டில் வந்து படுத்துக்கொள்கிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் அத்தைக்குப் படித்துக் காட்டு. அடுத்த பத்தியை மட்டும் விட்டுவிடு.

நேற்று வேலைக்குக் கிளம்பும்போது தொட்டில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன். அழுகை வந்துவிட்டது. பெட்டி ஆனில்தான் இருந்தது, தலையணை அசையவில்லை. இனி நான் எவ்வளவு அழுதாலும் அது அசையாது, பாப்பா அழ வேண்டும். கூட்டிக்கொண்டு வா, அல்போன்சா.

மாதா உங்கள் இருவரையும் பத்திரமாக ரயிலேற்றி அனுப்பட்டும்.

உன்
ரெமிஜியஸ்