கேபின் கதவுக்குச் சிவப்பு

உன் போன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மூலையில் விரிசல் விட்ட கண்ணாடியை மாற்ற மனம் வரவில்லை. பின்பக்கம் நீ ஒட்டிய மீன் ஸ்டிக்கரும் அப்படியே இருக்கிறது. அதில் ஒரு வீடியோ வந்து, இறங்காமல் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கை நேவி நம் படகுகளைப் பிடித்துவிட்டது என்று காலையிலிருந்து ஜெகதாப்பட்டினமே வாசலில் நிற்கிறது. ஊரே ஒரே நேரத்தில் ஒரே வீடியோவை இறக்கினால் சிக்னல் எங்கே கிடைக்கும்? உன் அண்ணன் கடலில் இருக்கிறார். போனை எடுக்கவில்லை. அத்தை சாமி படத்தை விட்டு நகரமாட்டேன் என்கிறார். என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த புதிதில் நீ கோட்டைப்பட்டினம் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தாய். நாளெல்லாம் மாலையும் தாலியும் பார்த்து அலுத்தவள், லீவு நாளில் மறுபடியும் போனைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும். மதியச் சோறு முடிந்ததும் ஜன்னலில் சேலையை மாட்டி வெளிச்சத்தை மறைப்பாய். நீ எனக்குக் காட்டிய முதல் குறும்படத்தில் ஒருவர் பெரிய நிலைக்கண்ணாடியை முதுகில் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்து போனார். கண்ணாடியில் வானம் போனது. அத்தோடு படம் முடிந்துவிட்டது.

"என்னடி கதை இது?" என்றேன்.

"கதைய விடுங்க மதினி. அந்தாளு முதுகுல மேகம் போகுதுல்ல, அதப் பாருங்க."

"மேகம் பாக்கணும்னா கொல்லப்பக்கம் போனாப் போதாதா?"

நீ கோபித்துக்கொள்ளவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடியும் ஓடவிட்டாய். எந்தப் படமானாலும் முதலில் சத்தமில்லாமல் பார்க்க வேண்டும் என்பது உன் சட்டம். "சத்தம் இருந்தா, அது எதச் சொல்லுதோ அதத்தான் கண்ணு பாக்கும், மதினி" என்பாய். இரண்டாம் முறை பார்த்தபோது கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கொக்கு பறந்து போனது தெரிந்தது. எனக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு நானே உன்னை நச்சரிக்க ஆரம்பித்தேன். வெள்ளை உப்பளத்தில் மஞ்சள் குடை உருண்டு போகும் படத்தை எத்தனை தரம் போடச் சொல்லியிருப்பேன்! "ரெண்டும் ஊமைப் படமாப் பாத்து ஊமையாப் போகப் போகுதுங்க" என்று உன் அண்ணன் கேலி செய்வார். கேலி செய்துகொண்டே நம் தலைக்கு மேலே குனிந்து அவரும் பார்ப்பார்.

போன வருஷம் மாசியில் இதே மாதிரிதான் ஒரு வீடியோ வந்தது. துறையில் கட்டிப்போட்ட நீலப் படகு. யாரோ ஒருவர் அழுதுகொண்டே, "நம்ம ஊரு போட்டுத்தான், எல்லாரையும் புடிச்சுட்டாங்க" என்று சொல்லும் குரல். படகு அச்சு அசல் நம்முடையது போலவே இருந்தது. அத்தை மாரில் அடித்துக்கொண்டார். நான் சுவரோடு சாய்ந்துவிட்டேன். நீ மட்டும் போனைப் பிடுங்கிச் சத்தத்தை நிறுத்தினாய்.

"மதினி, கேபின் ஓரத்தப் பாருங்க. வாழக்கன்னு கட்டியிருக்கு."

பச்சை வாடாத வாழைக்கன்று. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் நாள் கடலுக்குப் போகும்போது கட்டுவோம், அதை விட்டால் ஆயுத பூஜைக்குக் கட்டுவோம். மாசியில் எந்தப் படகில் பச்சை வாழை நிற்கும்? எப்போதோ எடுத்த வீடியோவை யாரோ புதிதுபோல அனுப்பியிருந்தார்கள். வாழை கட்டிக் கும்பிட்டே வளர்ந்த ஊர், அந்த அழுகையைக் கேட்டதில் வாழையைப் பார்க்கவில்லை. சாயங்காலம் உன் அண்ணன் நண்டுக் கூடையோடு வந்து, ஏன் எல்லோரும் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். நீதான் முதலில் அழுதாய்.

அடுத்த தடைக்காலத்தில் படகுக்குப் பெயின்ட் அடித்தபோது நீ கரையில் நின்று பிடிவாதம் பிடித்தாய். "அண்ணே, கேபின் கதவுக்கு மட்டும் செவப்பு அடி. அத்தன நீலத்துல கண்ணு மொதல்ல அங்கதான் போகும். எவன் எங்க படம் புடிச்சாலும் நம்ம போட்டு தனியாத் தெரியணும்."

"இது மீன் புடிக்கிற போட்டா, ஒன் குறும்படமா?" என்று முனகினார். ஆனால் அடித்தார். வெயிலில் அந்தக் கதவு பளிச்சென்று நின்றதை நீ போனில் எடுத்து வைத்திருக்கிறாய். கார்த்திகையில் காய்ச்சலென்று படுத்தாய். புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் உயிர் தங்கவில்லை. உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். பாதிப் படத்தில் எழுந்து போனது மாதிரிப் போய்விட்டாய்.

வீடியோ இறங்கிவிட்டது. பேனாவை வைக்கிறேன்.

பார்த்துவிட்டேன். தெருவில் எல்லார் போனிலிருந்தும் ஒரே கூச்சல். நான் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தேன். வாழைக்கன்று இல்லை. துறையில் வரிசையாக நீலப் படகுகள். நடுவில், போகாதே என்றாலும் கண் போகிற இடத்தில், சிவப்புக் கதவு. நம் படகுதான். இந்த முறை பொய் இல்லை.

மறுபடியும் ஓடவிட்டேன். எல்லாரும் தலை குனிந்து படகின் முன்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் கூட்டத்தை விட்டு நகர்ந்து, அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். காயம் எதுவும் இல்லை. கை கால் நன்றாக இருக்கிறது. எங்கே உட்கார்ந்தால் நம் கண்ணுக்கு முதலில் தெரியும் என்று உன் அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது, பாப்பா. நீ சொன்னதை அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அவர் எப்போது வருவார் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. அத்தையிடம் காட்டினேன். "எம்புள்ள ஒக்காந்திருக்கான்ல" என்று திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வாசலில் அவரோடு போன மற்றவர்களின் வீட்டுப் பெண்கள் தலையில் கை வைத்து அழுகிறார்கள். உன் போனை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போகிறேன். "சத்தத்த நிப்பாட்டுங்க. மொதல்ல பாருங்க. ஒவ்வொருத்தர் மொகமாத் தேடுவோம்" என்று சொல்லப் போகிறேன்.