மேனேஜருக்கு இடம் கிடைத்துவிட்டது

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நலம்தானே? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆஸ்பத்திரி வேலையே வயிற்றை நிரப்பிவிடுகிறதா? இங்கே நாங்கள் இருவரும் நலம். மூன்றாவது ஆளும் நலம். நலம் என்ன நலம், ஜாம்ஜாமென்று இருக்கிறார்! அதைச் சொல்லத்தான் கை பரபரக்கிறது. எழுத்து கோணலாக ஓடினால் பொறுத்துக்கொள்.

நம் மேனேஜருக்கு இடம் கிடைத்துவிட்டது!

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஆமைப் பேச்சை எடுத்தாலே, "அண்ணன் சொல்லச் சொன்னாரா?" என்று கேட்பாய். இல்லை என்பேன். உடனே பேச்சை மாற்றிவிடுவாய். இரண்டு வருஷமாக இதே கதை. கடிதம் என்றால் நான் முடிக்கிற வரை நீ வாய் திறக்க முடியாது பார். உட்கார்ந்து முழுசாகப் படி.

நாங்கள் வீடு மாறுகிறோம். வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போகிறாராம். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். கிடைத்திருப்பது மூன்றாம் மாடியில் இரண்டு அறை. நல்ல வெளிச்சம், என் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு நடந்தே போய்விடலாம், எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மண் என்று பார்த்தால் ஒரு பூந்தொட்டிக்குக்கூடக் காணாது. நீ பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து உள்ளங்கையில் ஏந்தி வந்தாயே, அந்த ஆமை இப்போது நாற்பத்தொரு கிலோ. போன மழைக்குச் சமையலறைக் கதவைக் கீலோடு பெயர்த்துவிட்டது. இன்னமும் காலையில் வெயில் ஏறியதும் மதிலோரமாக ஒரு சுற்று, மத்தியானம் ஒரு சுற்று, மூலை முடுக்கு விடாமல் மேற்பார்வை. மேனேஜர் என்று நீ வைத்த பெயர் சும்மாவா? அதை பால்கனியில் அடைத்தால் ஒரே வாரத்தில் கம்பியோடு கீழே போய்விடும். உன் அண்ணன் அளவு நாடாவோடு போய் அந்த பால்கனியை மூன்று தடவை அளந்தார். அளக்க அளக்க வளருமா அது?

சரி, நல்ல இடமாகப் பார்ப்போம் என்று இறங்கினோம். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட அத்தனை குறை சொல்ல மாட்டார்கள். முதலில் வந்தவர் ஒரு ஹோட்டல் முதலாளி. "வாசல்ல குளம் கட்டியிருக்கேன், ஜோரா நீந்தும்" என்றார். "இது தரை ஆமைங்க. குளத்துல விட்டா முங்கிச் செத்துடும்" என்று உன் அண்ணன் அவரை வாசலோடு வழியனுப்பினார். அடுத்தவர் ஒரு பாத்திரக் கடைக்காரர். ஓட்டின் மேல் கடைப் பெயரை எழுதித் தெருவில் நடக்க விட ஆசைப்பட்டார். உன் அண்ணன் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். நான்தான் சிரித்து மழுப்பிக் கதவைச் சாத்தினேன். மூன்றாவது ஒரு நல்ல தம்பதி, பெரிய தோட்டம். எல்லாம் கூடி வருகிற நேரத்தில், "ஆமை புகுந்த வீடு..." என்று அந்த அம்மா இழுத்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வீட்ல பதினேழு வருஷமா இருக்குதுங்க, நாங்க நல்லாத்தானே இருக்கோம்?" என்றேன். காலி செய்வதற்காகக் கூடத்தில் கட்டி அடுக்கியிருந்த மூட்டைகளை அவர் ஒரு பார்வை பார்த்தார். அந்தச் சம்பந்தமும் போயிற்று.

ஒவ்வொரு இடமும் வேண்டாமென்று ஆனபோதும் உன் அண்ணன் முகம் தெளிந்ததை நான் கவனிக்காமலில்லை. பள்ளிப் பேருந்தை எடுக்கப் போகுமுன் இன்றைக்கும் கீரையை அவர்தான் நறுக்கி வைக்கிறார். நான் கை வைத்தால், "நீ விடு, அது என் வேலை" என்பார். அவர் சொல்லை மீறி ஆஸ்பத்திரி வேலைக்கு நீ வெளியூர் கிளம்பிய அன்று வாசலில் நின்று அவர் சொன்ன வார்த்தை உனக்கு மறந்திருக்காது. "இனிமே இந்த வீட்ல உனக்குன்னு இருக்கறது அந்த ஆமை மட்டும்தான்." அந்த வார்த்தைக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் உனக்கென்று இருந்ததை அவர் ஒரு நாளும் வேறு கையில் விட்டதில்லை. கண்டதைத்தான் எழுதுகிறேன்.

இனி நல்ல சேதிக்கு வருகிறேன். எங்கள் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் மேனேஜர் படத்தோடு ஒரு தாள் ஒட்டியிருந்தேன். ஊருக்கு வெளியே செடி விற்கும் நர்சரி வைத்திருக்கிற ஒரு அம்மா, உடைந்த மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்ய வந்தார். நான் உள்ளே லென்ஸை இழைத்துக்கொண்டிருக்கிறேன், வெளியே குரல் கேட்கிறது: "இந்தப் பெரிய மனுஷன் யாரு?" கண்ணாடி இல்லாமல் மூக்கைத் தாளில் ஒட்டிவைத்துப் படித்துக்கொண்டிருந்தார்!

மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர் தொடவில்லை, தட்டவில்லை. மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஆயிற்று. மேனேஜர் தானாக நடந்து வந்து அவர் செருப்பைக் கடித்துப் பார்த்தது. அதன் பிறகுதான் கேள்விகள். எவ்வளவு ஆழம் தோண்டும், குளிருக்கு எங்கே படுக்கும், வயிறு சரியாகப் போகிறதா. உன் அண்ணன் பரீட்சைக்குப் படித்தவர் மாதிரி பதில் சொன்னார். கடைசியாக, "யார் குரலுக்கு வரும், தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார்.

உன் அண்ணன் குனிந்து ஆமையின் ஓட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு, "என் தங்கச்சி குரலுக்கு" என்றார்.

இரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நேற்று விடுமுறை. பள்ளியில் அனுமதி வாங்கி அவர் பேருந்தையே கொண்டுவந்துவிட்டார். பலகை சாய்த்து, பூசணித் துண்டு காட்டி, ஒருவழியாக மேனேஜரை ஏற்றினோம். முதல் திருப்பத்திலேயே மேனேஜர் துரை போய் முன்வரிசை இருக்கைக்கு அடியில் நுழைந்து சிக்கிக்கொண்டார். இழுத்தால் வரவில்லை, தள்ளினால் போகவில்லை. குலுங்கினால் அடிபடுமே என்று உன் அண்ணன் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, ஆமை வேகம் என்றால் என்ன என்று நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டன. ஒரு லாரிக்காரர் எட்டிப் பார்த்துத் திட்ட வாயெடுத்தவர், உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு, "பாத்துப் போங்கண்ணே" என்று ஒதுங்கிப் போனார்.

போய்ச் சேர்ந்ததும் நர்சரி அம்மா ஸ்பேனரோடு ஏறி, இருக்கையின் போல்ட்டைக் கழற்றிவிட்டார். மூவருமாகச் சாய்த்துத் தூக்கும்போது அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். வாலைப் பார்த்தார். "தம்பி, இது பொம்பளைப் புள்ளையாச்சே" என்றார். உன் அண்ணன் கையைவிட்டிருப்பார், நல்லவேளை நான் தாங்கிக்கொண்டேன். "பதினேழு வருஷமா வாடா போடான்னு கூப்பிட்டிருக்கோமே!" என்று அவர் அலற, நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் ஆமை நழுவித் தன்பாட்டில் பலகையில் இறங்கிவிட்டது.

நீ பார்த்திருக்க வேண்டும்! அரை ஏக்கர் இருக்கும். சுற்றிலும் கருங்கல் மதில், அடியில் ஆழமாக அஸ்திவாரம். ஒரு பக்கம் புல், ஒரு பக்கம் மணல், படுக்கக் கதகதப்பான கொட்டகை. நம் மேனேஜரம்மா கழுத்தை நீட்டி ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் மதிலைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள் பார் ரவுண்ட்ஸ், முதல் பத்தடிக்கு நான் கூடவே ஓட வேண்டியிருந்தது! உன் அண்ணன் சின்னப் பையன் மாதிரி கை தட்டினார். முழுச் சுற்று முடிய ஒரு மணி நேரம். நாங்கள் மூவரும் நின்றபடியே பார்த்தோம். படம் இணைத்திருக்கிறேன். மூக்கில் மண்ணோடு நிற்பது அவள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது உன் அண்ணன்.

கிளம்பும்போது நர்சரி அம்மா ஒரு நோட்டை நீட்டினார். "இது நமக்கப்புறமும் இருக்கற உசுரு. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும்னு எழுதிக் குடுங்க" என்றார். உரியவர் என்ற இடத்தில் உன் அண்ணன் உன் பெயரை எழுதினார். அதற்குக் கீழே உன் நம்பர். போனைப் பார்க்கவில்லை. நீ வீட்டைவிட்டுக் கிளம்பிய அந்த வாரமே போனிலிருந்து அழித்துவிட்டதாக அவர் சொன்ன நம்பர் அது. ஒரு எண்ணில்கூடப் பேனா தயங்கவில்லை.

திரும்பும்போது பாதி வழி வந்துவிட்டோம். சிக்னலில் நின்றபோது, "ஞாயித்துக்கிழமை அவளுக்கு லீவு இருக்குமா?" என்று கேட்டார், சாலையைப் பார்த்துக்கொண்டே. இந்தக் கடிதம் முதலில் உன்னிடம் வந்து சேர வேண்டுமே! ரெண்டு வாரத்துக்கு டூட்டி இருக்கு, அதற்கடுத்த ஞாயிறு சும்மாத்தான் இருப்பாள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்திருக்கிறேன். என் பொய்யைக் காப்பாற்று.

அன்றைக்குப் போன் வந்தால் எடு, கண்ணு. மன்னிப்பு அது இது என்று அவருக்குப் பேச வராது. ஆமை எத்தனை இலை தின்றது, எங்கே குழி தோண்டியது, இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். சொல்லட்டும். அவர் ஓய்ந்ததும், "நீ எப்படி இருக்கே அண்ணா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேள். மூன்றாம் மாடி வீட்டில் ஜன்னலோரமாக உனக்கு ஒரு கட்டிலுக்கு இடம் விட்டிருக்கிறேன். நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எண்ணி,
உன் அண்ணி