ஸோவி நெய்த புவான்

ஐஸ்வால்
20 ஆகஸ்ட் 2018

அன்பு மகன் ருவாத்தாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. அந்த இல்லத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று சேர்த்த அன்றுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் கடையில் பழைய துணிக் கட்டுகள் மேல் விலைதான். என் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

உடம்பு நடுக்கம் குறைந்ததா? புளித்த பன்றிக் கொழுப்பு போட்ட கீரைக் குழம்பு அங்கே கிடைக்கிறதா? வெறும் பருப்பை ஊற்றி ஏமாற்றினால் எழுது, நான் வந்து கேட்கிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். நீ போன மறு செவ்வாய் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எதிர் வீட்டு ஸோவி எல்லார் முன்னாலும் கேட்டாள்: "எங்கடி உன் பையன்? கோயில்ல முரசுச் சத்தமே காணோமே." முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் அப்பா சாகும்வரை மூப்பராக இருந்த சபை. நான் அந்த ஐக்கியத்தின் செயலாளர். "ஷில்லாங்ல வேதாகமப் பள்ளியில சேர்ந்திருக்கான்" என்று சொல்லிவிட்டேன். உடனே ஜெபக் குறிப்பில் உன் பெயரைச் சேர்த்து ஜெபித்தார்கள். நானும் ஆமென் சொன்னேன்.

வீட்டுக்குக் கடிதம் போடாதே. தபால்காரர் வாய் சும்மா இருக்காது. பஜார் கடை முகவரிக்கு எழுது. உறை மேல் இல்லத்தின் பெயர் வேண்டாம்.

உன்
அம்மா


லுங்லே
2 செப்டம்பர் 2018

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்த வேதாகமப் பள்ளியில் காலை ஐந்து மணிக்கு எழுப்பிக் கக்கூஸ் கழுவச் சொல்கிறார்கள். முதல் பதினைந்து நாள் நான் படித்தது வாந்தி எடுப்பது எப்படி என்பதுதான். இப்போது பரவாயில்லை. நேற்று முழுத் தட்டு சோறு சாப்பிட்டேன்.

உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. கடையில் உங்கள் மணிபர்ஸைத் துழாவிவிட்டு, உங்கள் முகத்தைப் பார்த்தே "எனக்கென்ன தெரியும்" என்று சொன்னவன் நான். ஆனால் அந்த ஜெபக் குறிப்பை நினைத்தால் உடம்பு கூசுகிறது. என் பெயரை எப்படியாவது எடுத்துவிடுங்கள். காய்ச்சல், படிப்பை நிறுத்திவிட்டான் என்று எதையாவது சொல்லுங்கள்.

முழங்காலுக்கு எண்ணெய் தடவுங்கள்.

உங்கள்
ருவாத்தா


ஐஸ்வால்
26 செப்டம்பர் 2018

அன்பு மகனுக்கு,

பெயரை எடுக்கலாம் என்றுதான் போனேன். போனால் ஸோவி மடியில் ஒரு பொட்டலம். கறுப்பில் வெள்ளையும் சிவப்புமாய்க் கோடு போட்ட போர்வை. அந்தக் காலத்தில் போரில் பின்வாங்காதவனுக்குப் போர்த்துகிற அந்தப் புவானேதான். உனக்காக ஒரு மாதம் தறியில் உட்கார்ந்து நெய்திருக்கிறாள். "நம்ம தெருவிலிருந்து ஊழியத்துக்குப் போற முதல் பிள்ளை. சும்மா அனுப்பலாமா?" என்கிறாள். அதற்குப் பிறகு என்ன பேசுவது? வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். லுங்லே சுமோ ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவள் அது ஷில்லாங் போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கரையில் வழக்கம்போல ஒரு நூல் பச்சை விட்டிருப்பாள். கேட்டால் "என் கையெழுத்து" என்பாள்.

அவள் மகன் கிமாவுக்கும் நல்ல காலம். பெங்களூரில் ஹோட்டல் வேலையாம், அடுத்த வாரம் கிளம்புகிறான். ஜெபக் குறிப்பில் இப்போது உன் பெயருக்குக் கீழே அவன் பெயர்.

இன்னொன்று. கர்த்தர் உன்னை எப்படி ஊழியத்துக்கு அழைத்தார் என்று நீ கைப்பட எழுதின சாட்சி அரைப் பக்கம் வேண்டுமாம், கூட்டத்தில் வாசிக்க. இரண்டு வசனம் சேர்த்து எழுதிவிடு. உனக்கென்ன, அப்பாவோடு உட்கார்ந்து படித்ததெல்லாம் மறந்தா போயிருக்கும்?

உன்
அம்மா


லுங்லே
21 அக்டோபர் 2018

அன்புள்ள அம்மாவுக்கு,

சாட்சி கேட்டீர்கள். இதோ என் சாட்சி.

போன வருடம் ஈஸ்டர் கூட்டம் நினைவிருக்கிறதா? நான் முரசு அடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, ஆடிக்கொண்டு, பாட்டு முடிந்த பிறகும் விடாமல் அடித்தேன். வாலிபர் சங்கமே எழுந்து ஆடியது. ஆவி இறங்கியிருக்கிறது என்றார்கள். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அம்மா, கூட்டத்துக்கு அரைமணி முன்னால் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு அருகே ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தேன். நீங்கள் பிடித்தது அதே கைதான். திருடியதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு இன்றும் தலை நிமிர முடியாதது அந்த ஒன்றில்தான். அதற்குப் பிறகு திருவிருந்துக் கிண்ணத்தையும் எல்லாரோடும் சேர்ந்து எடுத்துக் குடித்தேன்.

வாசிக்க முடியுமானால் இதை வாசியுங்கள்.

புவான் வந்தது. ஒரு நாள்கூட நான் போர்த்தவில்லை. இந்த மாதத் தொடக்கத்தில் இங்கே ஒருவன் புதிதாக வந்தான். நம் தெருக்காரன்தான். பெயர் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், கேட்காதீர்கள். வந்த அன்று கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினான். இருந்ததை எல்லாம் போர்த்தியும் நிற்கவில்லை. கடைசியில் அந்தப் புவானை எடுத்துப் போட்டேன். அவன் கரையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றிலிருந்து அது அவனிடம்தான் இருக்கிறது. திரும்பக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள்
ருவாத்தா


ஐஸ்வால்
14 நவம்பர் 2018

ருவாத்தாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி ஸ்வெட்டருக்கு விலை கேட்டுக்கொண்டே நின்றாள், எனக்குக் காது கேட்கவில்லை. படித்து முடித்ததும் குளிர்காலக் கோட்டுக் கட்டுக்குள் அதைச் செருகி வைத்தேன். உன் கையைப் பிடித்து அழுத அன்று வீட்டுக்கு வந்து உன் அப்பா படத்துக்கு முன்னால் நின்று, பாருங்கள் உங்கள் பிள்ளையை என்று சொன்னேன். அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சாட்சி எங்கே என்று கேட்டார்கள். நானே அரைப் பக்கம் எழுதி உன் கையெழுத்தைப் போட்டு வாசித்துவிட்டேன். நான்கு பேர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கும் அழுகை வந்தது. அது நல்ல அழுகை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது அது வளர்ந்து நிற்கிறது. கிறிஸ்துமஸ் கூட்டத்தில் நீ செய்தி கொடுக்கப் போகிறாய் என்று வாலிபர் சங்கம் நோட்டீஸில் அச்சடித்துவிட்டது. ஸோவி தினமும் கேட்கிறாள்: "போர்த்திக்கிட்டு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லேன். நெய்தவ பார்க்கக் கூடாதா?" புவானை எப்படியாவது திரும்ப வாங்கு. பத்து நிமிடம் பேசினால் போதும், நான் எழுதித் தருகிறேன். பிறகு மெதுவாகப் படிப்பை நிறுத்திவிட்டாய் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நம் தெருக்காரன் என்றாயே, யார் பிள்ளை வீட்டில் இல்லை என்று எண்ணிப் பார்த்தேன். ஒருவன் டெல்லி, ஒருவன் பெங்களூர், ஒருவன் பட்டாளத்தில். பொய் சொல்கிற தாய் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

அம்மா


லுங்லே
28 நவம்பர் 2018

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபப்படாமல் படியுங்கள்.

நீங்கள் எழுதித் தருவதை என்னால் பேச முடியும். அதுதான் எனக்குப் பயம். நன்றாகவே பேசுவேன், எல்லாரும் அழுவார்கள், நீங்கள் மறுபடியும் என் கையைப் பிடிப்பீர்கள். அன்றைக்கே நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விடுவேன். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. என்னை எனக்குத் தெரியும்.

டிசம்பர் 20 அன்று என்னை வெளியே விடுகிறார்கள். வாசலில் நின்றால் வடக்கே ஐஸ்வால் போகிற சுமோவும் வரும், தெற்கே போகிற சுமோவும் வரும். தெற்கே ஒரு ஆரஞ்சுத் தோட்டத்தில் ஆள் வேண்டுமாம், தங்க இடமும் தருகிறார்கள். ஷில்லாங்கில் படிக்கிற ருவாத்தாதான் உங்களுக்கு வேண்டுமானால் நான் தெற்கே போகிறேன். அவனைப் பற்றி நீங்கள் இஷ்டம்போல் சொல்லிக்கொள்ளலாம், நான் வந்து கெடுக்க மாட்டேன். எனக்கு வீட்டுக்கு வரத்தான் ஆசை. ஆனால் இங்கே இருந்தவனாகத்தான் வர முடியும்.

எது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

உங்கள்
ருவாத்தா


ஐஸ்வால்
12 டிசம்பர் 2018

என் மகன் ருவாத்தாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அரிசி அளக்கும்போது கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்து வைப்பேனே, அதைக்கூட இரண்டு நாள் மறந்துவிட்டேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை. ஜெபக் குறிப்பு வாசிக்க எழுந்தேன். உன் பெயர் வரைக்கும் வாசித்தேன். நோட்டை மூடினேன். "அவன் ஷில்லாங்ல இல்ல" என்றேன். "லுங்லேல, போதை மருந்தை விட வைக்கிற இல்லத்துல இருக்கான். போன மாசம் வாசிச்ச சாட்சி நான் எழுதினது. அவன் எழுதினது வேற. அதை வாசிக்க எனக்குத் தைரியம் இல்ல." யாரோ இருமினார்கள். தலைவி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். பின் பெஞ்சில் ஒருத்தி, "மூப்பர் வீட்டிலேயே இப்படியா" என்றாள், எனக்குக் கேட்கட்டும் என்றுதான். செயலாளர் நோட்டை மேசை மேல் வைத்தேன். எடுத்துக்கொள் என்று யாரும் சொல்லவில்லை. மூப்பர்கள் கூப்பிட்டு விசாரிப்பார்கள். திருவிருந்திலிருந்து என்னை நிறுத்தி வைத்தாலும் வைப்பார்கள். இதையெல்லாம் உன்னிடம் மறைக்கவில்லை. வெட்கம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். இன்று காலை கடை திறக்கப் போகும்போது சுற்றுவழியில்தான் போனேன்.

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது ஸோவி மட்டும் கூட வந்தாள். ஏமாற்றிப் புவான் வாங்கியதற்குத் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். பாதிப் படியில் நின்று கேட்டாள்:

"அங்க ரொம்பக் குளிருமா?"

"மலைதானே, குளிரத்தான் செய்யும்."

"கிமா ஒரே ஒரு ஸ்வெட்டர்தான் எடுத்துட்டுப் போனான்."

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு நீ சத்தியம் செய்து கொடுத்தது யாருக்கு என்றும், கரையில் அவன் எதைத் தடவிப் பார்த்தான் என்றும் விளங்கியது. இத்தனை வாரம் அவள் என் மகனுக்கும் நான் அவள் மகனுக்கும் தோளோடு தோள் உட்கார்ந்து ஜெபித்திருக்கிறோம், ஷில்லாங்குக்கும் பெங்களூருக்கும்.

"அவன் மேல நீ நெய்ததுதான் இருக்கு ஸோவி. ருவாத்தா போட்டுவிட்டான்" என்றேன்.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கிமா விஷயத்தை அவளால் இன்னும் வெளியே சொல்ல முடியாது. "நூல் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வரேன்" என்கிறாள். நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை. 20ஆம் தேதி காலை சுமோவில் இரண்டு பேரும் வருகிறோம். அவள் அவனைப் பார்த்துவிட்டு வரட்டும். புவான் அவனிடமே இருக்கட்டும். நீ வாசலிலேயே நில், தெற்கே போகிற எதிலும் ஏறிவிடாதே. நோட்டீஸில் உன் பெயரை அடித்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று நாம் இரண்டு பேரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம்.

உறையைப் பார்த்தாயா? இல்லத்தின் பெயரை முழுசாக எழுதியிருக்கிறேன். தபால் அலுவலகத்தில் இருந்தவர் உரக்கப் படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். முத்திரை குத்துங்கள் என்றேன்.

பதில் எழுதுவதானால் வீட்டு முகவரிக்கே எழுது.

உன்
அம்மா