தொட்டிலைத் தொடுங்கள்

9 ஜனவரி 2013, புதன்

போன வருடம் வெப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் நிழல் கேட்டார்கள். பட்டனுக்கு நிழல், எழுத்துக்கு நிழல், மேலே கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு. இந்த வருடம் நிழலே கூடாதாம், எல்லாம் தட்டையாக இருக்கணுமாம். முதலாளி தென்னரசு சார் சென்னையில் ஏதாவது கூட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். மறுநாள் விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் நிழல்களை அழிக்க வேண்டும். வெப் டிசைனர் என்று விசிட்டிங் கார்டு மட்டும் இருக்கிறது.

புது வேலை வந்திருக்கிறது. வெங்கடாசலம் என்று ஒருவர். இங்கேயும் திண்டிவனத்திலும் குழந்தைச் சாமான் கடை வைத்திருக்கிறார். தொட்டில், கொசுவலை, சட்டை, தள்ளுவண்டி. அவருடைய குறை இதுதான்: “கொழந்த பொறக்கறதுக்கு முன்ன ஒருத்தரும் கடைப் படி ஏற மாட்டேங்கறாங்க சார். பொறந்த பிறகு பெங்களூர்ல இருக்கிற மாமன் ஆன்லைன்ல அனுப்பிடறான்.”

உண்மைதான். என் மனைவி அற்புதமேரிக்கு ஆறாம் மாதம். திண்டிவனத்தில் என் மாமியார் இப்போதே பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத் துவைத்து வைக்கிறார். புதுத்துணி ஒரு முழம் வீட்டுக்குள் வரக்கூடாது. பெயர்கூடப் பேசக்கூடாது.

சாருடைய யோசனை: மாசமாக இருக்கும்போதே போனில் பிரசவத் தேதியை வாங்கிக்கொள்வது, அந்தத் தேதியிலிருந்து விளம்பரத்தை ஆரம்பிப்பது. “தேதிதான் பிரவீன் நம்ம தூண்டிலு.”

21 ஜனவரி, திங்கள்

வெப் பக்கத்தின் மாதிரிப் படம் காட்டினேன். போன் திரையில் ஒரு தொட்டில், மேலே துணி மூடியிருக்கும். குறித்த தேதி வந்ததும் துணி தானாக விலகும். விரலால் இழுத்தால் தொட்டில் ஆடும், வேகமாக இழுத்தால் வேகமாக ஆடும். பிறகு ஆணா பெண்ணா, பெயர், எடை என்று கேட்கும். வாரம் ஒரு மெசேஜ், வாரம் ஒரு புதுப் படம், ஓரத்தில் கடையின் சாமான். வெங்கடாசலத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பேசிக்கொண்டே ஆட்டிக்கொண்டிருந்தார்.

நான் கேட்டேன். “தேதி குடுத்தவங்களுக்குக் குழந்த தங்கலன்னா? வேணாம்னு சொல்ல ஒரு பட்டன் வச்சுடலாமா சார்?”

அவர் விரலை எடுத்துவிட்டார். “நல்ல காரியம் ஆரம்பிக்கிற எடத்துல இன்னா பேச்சு தம்பி இது? வாயக் கழுவு.”

அவர் போன பிறகு சாரும் பிடித்துக்கொண்டார். “ஊட்ல பொண்டாட்டி மாசமா இருக்குது. ஒனக்கு எப்டிடா இந்த வார்த்த வருது? அப்டி ஒரு பட்டன் இருந்தா எந்தப் பொம்பள அந்தப் பக்கத்த தொறப்பா?”

எனக்கே கூசிப் போய்விட்டது. ஏன் கேட்டேன்? பட்டன் இல்லை. முடிந்தது.

15 பிப்ரவரி, வெள்ளி

சோதனைக்கு நிஜ போன் நம்பர் வேண்டும் என்றார் சார். அற்புதத்தின் நம்பரையும் அவளுக்குக் குறித்த ஏப்ரல் 21 தேதியையும் போட்டேன். அவளுக்கு வளையல் போட்டுத் திண்டிவனத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். சாயங்காலம் போன் செய்தாள்.

“பொறக்கவே இல்ல, அதுக்குள்ள தொட்டில் ஆட்டறீங்களா?”

“துணி மூடித்தானே இருக்கு?”

“வெரல வச்சா லேசா அசையுதுங்க. உள்ள யாரோ இருக்காப்ல.”

அது நான் வைத்ததுதான். மூடியிருக்கும்போதும் கொஞ்சம் அசைய வேண்டும் என்று. சோதனை முடிந்ததும் நம்பர்களை அழிக்கச் சொன்னார் சார். அவள் நம்பரை மட்டும் விட்டுவிட்டேன். அவளுக்குப் பிடித்திருந்தது.

4 மார்ச், திங்கள்

பக்கம் இன்று வெளியே வந்தது. பாதி நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் புகையில் கேக் வெட்டினோம்.

11 ஏப்ரல், வியாழன்

ஆண் குழந்தை. அழவில்லை.

14 ஏப்ரல், ஞாயிறு

எழுதினால் தேவலாம் என்று தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது நான். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அற்புதத்தின் அப்பா சவரிராயன் மாமாவே பார்த்துக்கொண்டார். துண்டில் சுற்றி, அவளுடைய பெரியப்பா மகனை வண்டி ஓட்டச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு போனார். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குச் சிலுவை கிடையாது என்று கல்லறைத் தோட்டத்தில் மதில் ஓரமாக வைத்தாராம். பங்குச் சாமியாரைக் கேட்டாரா, அவராகவே முடிவு செய்தாரா, தெரியாது. நான் கேட்கவில்லை. அற்புதத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவளுக்கு முகத்தைக் காட்டவில்லை. “பாத்தா தாங்க மாட்டா” என்றார் மாமியார் சவுரியம்மாள். பெண்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். அற்புதம் காட்டுங்கள் என்று சொன்னாளா? சொன்னாள். இரண்டு தடவை. எனக்குக் கேட்டது.

21 ஏப்ரல், ஞாயிறு

இன்றுதான் அவளுக்குக் குறித்த தேதி என்பதை மறந்தே போனேன். திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வந்தது. கூட்டேரிப்பட்டிலேயே இறங்கி சாருக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை.

நான் போய்ச் சேரும்போது மெசேஜ் வந்திருந்தது. “வாழ்த்துகள்! வீட்டுக்குப் புது விருந்தாளி வந்தாச்சா? தொட்டிலைத் தொடுங்கள்.” நான் எழுதியது. இந்த மூன்று வாக்கியத்துக்கு ஒரு நாள் முழுக்கச் செலவழித்தேன். சார் தட்டிக்கொடுத்தார்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போன் தலையணைக்கு அடியில். மன்னித்துவிடு என்றேன்.

22 ஏப்ரல், திங்கள்

அவள் நம்பரை எடுக்கச் சொன்னேன். சாருக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை. உடனே எடுத்தார். அந்தப் பட்டனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

6 மே, திங்கள்

நேற்று அவள் கேட்ட ஒரே கேள்வி: “ரெண்டு வாரமா ஏன் ஒண்ணும் வரல?”

மெசேஜைத்தான் கேட்கிறாள் என்று புரியவே நேரமாயிற்று. நிறுத்திவிட்டேன் என்றேன்.

“யாரக் கேட்டு நிறுத்துனீங்க?”

அவள் குரல் அப்படி ஏறி நான் கேட்டதில்லை. மாமியார் அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். நம்பரைத் திரும்பச் சேர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்று சேர்த்தேன். சாரிடம் சொல்லவில்லை. சரியா தப்பா? எனக்குத் தெரியவில்லை.

20 மே, திங்கள்

வெங்கடாசலம் வந்திருந்தார். சார் திரையில் கோடும் கட்டமுமாகக் காட்டிக்கொண்டிருந்தார். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள். “ஆனா இவங்களப் பாருங்க. திண்டிவனம். ஒரு நாள் உட்றதில்ல. காலைல, மத்தியானம், சாயங்காலம். எடையக் கூட கரெக்டா போட்டுக்கினு வர்றாங்க. இப்டி பத்து பேர் கெடச்சா போதும் சார் நமக்கு.”

நம்பரைப் பார்த்தேன். பக்கத்தில் பெயர்: ஆஸ்வின்.

என் பையனுக்குப் பெயர் இருந்திருக்கிறது. பிறக்கும் முன் பேசக்கூடாது என்று இருவரும் வாயே திறக்கவில்லை. அவள் மட்டும் மனதில் வைத்திருந்திருக்கிறாள். எடை வாரா வாரம் கூடியிருந்தது. நன்றாகத்தான் வளர்கிறான்.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது, இந்த அம்மாவிடம் ஒரு போட்டோ வாங்கி விளம்பரத்தில் போடலாமா என்று வெங்கடாசலம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்களுக்கு இஷ்டமில்லையாம், நான் ஏற்கெனவே கேட்டுவிட்டேன் என்றேன். இந்தப் பொய்க்காக வருத்தப்பட மாட்டேன்.

26 மே, ஞாயிறு

வீட்டில் எல்லோரும் பூசைக்குப் போயிருந்தார்கள். கேட்டேவிட்டேன்.

“அற்புதம், இது நல்லதில்ல.”

“எது?”

“பையன் இல்லன்னு ஒனக்குத் தெரியும் இல்ல?”

“தெரியாதா எனக்கு? பைத்தியம்னு நெனச்சிக்கினீங்களா?” அழாமல்தான் பேசினாள். “மொகத்தக் காட்டல. எங்க வச்சாங்கன்னு சொல்லல. கேட்டா எல்லாரும் வேற பேச்சு பேசறாங்க. அவன் பேர நான் எங்க போய்ச் சொல்றது? அது ஒண்ணுதான் பேரு இன்னான்னு கேட்டுது.”

அவன் பேரைக் கேட்டது விளம்பரம். கேட்க வேண்டிய நான் கேட்கவில்லை.

விழுப்புரம் வா, நம் வீட்டுக்குப் போகலாம் என்றேன். இப்போது வேண்டாம் என்றாள். என்ன வித்தியாசம், அங்கே போனாலும் போன் கூடவே வரும் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

3 ஜூலை, புதன்

குழந்தை குப்புறப் படுக்கும் மாதத்துக்கு ஒரு படம் வரைந்தேன். இப்போது ஊரெங்கும் விரலால் தள்ளத் தள்ளப் பின்னால் மலையும் மேகமும் நகரும் பக்கம்தான். சார் அதையே கேட்டார். நான் மேல்சித்தாமூர் பக்கத்துப் பாறையை வரைந்தேன். அவள் சின்ன வயதில் அந்த வழியாகத்தான் அத்தை வீட்டுக்குப் போவாள்.

யாருக்கு வரைகிறேன் என்று சாருக்குத் தெரியாது.

30 ஆகஸ்ட், வெள்ளி

வேளாங்கண்ணிக்குக் கொடியேற்றம் நேற்றே ஆகிவிட்டது. அவளைக் கூப்பிட்டேன். வரவில்லை.

11 செப்டம்பர், புதன்

ஆறாம் மாதத்துக்குக் கேப்பைக் கூழ்க் கிண்ணம். ஸ்பூனை இழுத்து வாய்க்குக் கொண்டுபோனால் வாய் திறக்கும். அரைநாள் உட்கார்ந்து அந்த வாயைச் சரிசெய்தேன். யார் சாயலில்? எனக்கு முகமே தெரியாது. என் சின்ன வயது போட்டோவை வைத்துக்கொண்டு வரைந்தேன். இதைச் செய்ய எனக்குப் பிடித்திருந்தது. பயமாகவும் இருக்கிறது. அவளை வெளியே இழுக்க வேண்டியவன் நான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறேன்.

7 அக்டோபர், திங்கள்

வெங்கடாசலத்துக்கு அலுத்துவிட்டது. தொட்டிலை யாரும் ஆட்டுவதில்லையாம். தீபாவளிக்கு ஃபேஸ்புக்கில் போட்டி: குழந்தை போட்டோ போடுங்கள், அதிக லைக் வாங்கினால் தள்ளுவண்டி. பழைய பக்கத்தைப் பண்டிகை முடிந்த வாரம் எடுத்துவிட வேண்டும். “அந்தத் திண்டிவனத்து அம்மாவுக்கு ஒரு கூப்பன் அனுப்பிடு பிரவீன். பாவம், கடைசி வரைக்கும் இருந்தாங்க” என்றார் சார்.



8 அக்டோபர், செவ்வாய்

யாருக்கும் தெரியாமல் என் கம்ப்யூட்டரிலேயே அந்தப் பக்கத்தை ஓடவிடலாம். அவள் ஒருத்திக்கு மட்டும். முடியும். ஒரு வயது, இரண்டு வயது, பள்ளிக்கூடம், எதை வேண்டுமானாலும் வரையலாம். எவ்வளவு நாளைக்கு? என் ஆயுசு முடியும்வரைக்குமா?

20 அக்டோபர், ஞாயிறு

பக்கத்தை எடுக்கப்போகிறார்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஓடவிட முடியும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை, முடிவு அவளுடையது.

மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்ததை எல்லாம் திரும்பத் தொலியோடு கலந்துவிட்டாள்.

“அப்பாவ எடத்தக் காட்டச் சொல்லுங்க” என்றாள்.

2 நவம்பர், சனி

கல்லறைத் திருநாளும் தீபாவளியும் ஒரே நாளில். தெரு முழுக்க வெடி. கல்லறைத் தோட்டத்தில் சுண்ணாம்பு அடித்த கல்லறைகள், சாமந்தி, மெழுகுவர்த்தி. நாங்கள் மதில் ஓரமாக நடந்தோம். மாமா முன்னால் போனார். ஒரு வேப்பங்கன்று பக்கத்தில் நின்றார். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். திரும்பி வந்தார். மழைக்கு மண் எல்லாம் ஒன்றாகிக் கிடந்தது. அடையாளத்துக்குக்கூட ஒரு கல் வைத்திருக்கவில்லை.

“இங்கதாம்மா... இல்ல, அங்க. அன்னிக்கி எனக்குக் கண்ணே தெரியலம்மா.” அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அற்புதம் அவரைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பையிலிருந்து மெழுகுவர்த்திகளை எடுத்தாள்.

“ரெண்டு எடத்துலயும் கொளுத்துங்க.”

கொளுத்தினேன். காற்றில் அணைந்தது, திரும்பக் கொளுத்தினேன். அவள் மண்ணில் உட்கார்ந்து அவன் பெயரைச் சொன்னாள், சத்தமாக. வெடிச்சத்தத்தில் மாமாவுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. நானும் சொன்னேன். முதல் தடவையாகச் சொன்னேன்.

திரும்பும் வழியில், “அத எப்ப எடுக்கறாங்க?” என்றாள்.

“வெள்ளிக்கிழம.”

“நீங்களே எடுங்க. வேற யாரும் கை வைக்க வேணாம்.”

8 நவம்பர், வெள்ளி

சார் புதுப் பையனிடம் கொடுக்கச் சொன்னார். இல்லை, நானே செய்கிறேன் என்றேன். முதலில் படங்கள், பிறகு தொட்டில், கடைசியில் பெயர். முதல் தடவை மாமா கொண்டுபோனார். இந்தத் தடவை என் கையால்.

அவளுக்கு போன் செய்து சொன்னேன். சரி என்றாள். பக்கத்தில் மாமியார் ஏதோ கேட்க, அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். துணியெல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள்.