இடது பக்கம்

வலியசாலை,
12.06.2025

அன்புள்ள பேச்சி,

போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் பார்சலுக்குள் கடிதம். பிரித்துப் பார்த்தாயா? சின்ன வயசில் நாம் ஆடிய வீடியோ கேம், நம் ‘கல்கோட்டை’யேதான்! இப்போது படத்தையெல்லாம் புதுசாக்கி ரீமாஸ்டர் பண்ணி விட்டிருக்கிறார்கள். அதே வாள்காரி, அதே கோட்டை. மழை பெய்தால் அவள் தோளில் துளி தெறிப்பதுகூடத் தெரிகிறது. உன்னிடம் கேம் கன்சோல் இருப்பதாக உன்னோடு வேலை பார்க்கிற ஆர்ஷா சொன்னாள். கூடவே ஒரு கன்ட்ரோலர், வயர் இல்லாதது.

ஞாபகம் இருக்கா? எங்காத்து முன்னறையில் நான், ஜன்னலுக்கு வெளியே தெருவில் நீ. கம்பி வழியாகக் கன்ட்ரோலரை வயரோடு நீட்டுவேன். இடது பக்கமிருந்து எவன் வந்தாலும் நீ செத்துவிடுவாய். “எடி பொட்டக்கண்ணி, அந்தப் பக்கம் பாருடி!” என்று கத்துவேன். என்ன சிரிப்பு! கடைசிக் கோபுரம் மட்டும் நாம் ஏறவேயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வா, ஏறிவிடலாம்.

உன்
ஜானவி

விழிஞ்ஞம்,
20.06.2025

ஜானவிக்கு,

சுகம்தான். துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறேன். அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் கண்டெய்னர் தூக்கும் வேலை. கண்ணைச் சோதித்த பிறகுதான் வேலைக்கு எடுத்தார்கள்.

நேற்று விளையாட்டைப் போட்டேன். இடது மேல்மூலையில் ஒரு சிவப்புக் கோடு. புதிதாகச் சேர்த்தது என்று நினைத்தேன். பழைய படத்துக்கு மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அமுக்கினேன். பழையதிலும் அங்கேயே இருந்தது. வாள்காரிக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் கோடு. அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது, ஜானவி.

உங்கள் ஜன்னலில் ஒரு கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். தெருவில் நிற்பவளுக்குத் திரையின் இடது பக்கம் தெரியாது. உள்ளே இருந்த உனக்கு முழுசாகத் தெரிந்தது. ஒருநாள் நல்ல மழை. “உள்ள வரட்டா?” என்று கேட்டேன். “ஓடை வார்றவ பொண்ணு, அங்கயே நிக்கட்டும்” என்றார் உன் அம்மா. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினாய். உங்கள் தெரு நாறாமல் இருந்தது அந்தச் சாக்கடை ஓடையை வாரிய என் அம்மாவால்தான்.

எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

பேச்சி

வலியசாலை,
25.06.2025

பேச்சி,

படித்துவிட்டு அழுதேன். அப்போது நாம் குழந்தைகள், எனக்கு என்ன தெரியும்? ஒரு விளையாட்டுக்குள் ஜாதியை இழுக்கிறாயே! நான் அப்படியெல்லாம் பார்க்கிறவள் இல்லை, உனக்கே தெரியும். பழசை விடுடி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அம்மா சென்னைக்கு அண்ணாவிடம் போகிறாள். ஆத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது வா. உள்ளேயே உட்கார்ந்து விளையாடலாம், ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நானே காபி போட்டுத் தருகிறேன். வருவாய்தானே?

உன்
ஜானவி

விழிஞ்ஞம்,
30.06.2025

ஜானவிக்கு,

கடைசிக் கோபுரத்தில் ஏறிவிட்டேன். திரை முழுசாகத் தெரிந்தால் அது அவ்வளவு கஷ்டமில்லை. டிஸ்க்கும் கன்ட்ரோலரும் இந்தப் பார்சலில் இருக்கின்றன.

உன் அம்மா வீட்டில் இருக்கும்போது கூப்பிடு.

பேச்சி