ஹெடரில் இல்லாதது

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். வாசலிலேயே போனை வாங்கி உறையில் போட்டுச் சீல் வைத்துவிட்டார்கள். கோளாறு எதுவென்று தெரியும்வரை யாரும் வெளியே போகக் கூடாதாம். காவலாளிக்கு மெமரி கார்டு என்றால்தான் பயம். காகிதத்தை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதனால்தான் காய்கறி வேன்காரர் கையில் இந்தக் கடிதம்.

என் அறை ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர். கையை நீட்டினால் தொடலாம். தொட்டும் பார்த்தேன்.

இது ஆம்புலன்ஸ் அழைப்பு மையம். போன மாதம் ஒரு மத்தியானம் எல்லாத் திரைகளும் நாற்பது நொடி உறைந்துபோயின. அப்போது ஒரு பெண் முகவரி சொல்லிக்கொண்டிருந்தார். அது பதியவில்லை, அழைப்பும் அறுந்துவிட்டது. அவருடைய கணவர் பிழைக்கவில்லை. அழைப்பை எடுத்தவர் ஏதோ பட்டனைத் தப்பாக அழுத்திவிட்டார் என்று பழி. இங்கே எல்லோரும் அவரை 'ஹலோ சார்' என்பார்கள். நடையில் எதிர்ப்பட்டு வணக்கம் சொன்னால்கூட "ஹலோ, சொல்லுங்க" என்பாராம். இப்போது வெறுமனே தலையசைக்கிறார். விசாரணை முடியும்வரை அவருக்கும் இதே கட்டடம்தான்.

என் வேலை, கம்ப்யூட்டரை உள்ளிருந்து இயக்கும் கெர்னலுக்குள் ஒரு சின்ன புரோகிராமை இறக்கி, எந்த வேலை எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று வேவு பார்ப்பது. இந்த நிறுவனத்துக்கு இதுபோல முப்பது மையங்கள். கெர்னல் பதினான்கு விதம். ஒருமுறை கம்பைல் செய்தால் எல்லாவற்றிலும் ஓட வேண்டும். ஓடும் கெர்னலிலிருந்தே பிழிந்தெடுத்த ஹெடர் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்தத் தகவல் எந்த வரிசையில் என்று சொல்லும் ஸ்ட்ரக்ட் எல்லாம் இருக்கின்றன. எண்களுக்குப் பெயர் வைத்து டிஃபைன் செய்த மாறிலிகள் ஒன்றுகூட இல்லை. கம்பைலர் "இது யாரு, அது யாரு" என்று கத்துகிறது. ஒன்பது வருஷம் இதே நிறுவனத்தில் குப்பை கொட்டியவர் நீங்கள். வழி சொல்லுங்கள்.

உங்கள்
வாலு

மார்ச் 8

செல்ல வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணன் நலம். சின்னது உன் செருப்பை ஒளித்துவைத்திருக்கிறாள். அத்தை வந்தால் திரும்பப் போக முடியாதாம். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மாறிலிகள் எங்கே போயின என்று தேடாதே. அந்த ஹெடர், கெர்னல் தன்னைப் பற்றி வைத்திருக்கும் வகைக் குறிப்பிலிருந்து வருவது. டிஃபைன் பெயர்களைக் கம்பைலர் முதல் சுற்றிலேயே எண்ணாக்கி விழுங்கிவிடும். விழுங்கியது குறிப்பில் எப்படி வரும்? பழைய ஹெடரையும் கூடச் சேர்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. ஒரே ஸ்ட்ரக்ட் இரண்டு தடவை வந்து அடித்துக்கொள்ளும். உனக்கு வேண்டிய மாறிலிகளை மட்டும் கெர்னலின் மூல நிரலில் பார்த்து, தனி ஃபைலில் நீயே எழுது. ஏற்கெனவே இருந்தால் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்ற காப்போடு எழுது. பதினான்கிலும் எண் அதேதானா என்று ஒவ்வொன்றாகப் பார். பார்க்காமல் விட்டால் கம்பைலர் எதுவும் சொல்லாது. விடை மட்டும் தப்பாக வரும்.

நாற்பது நொடி என்று அளந்தா சொன்னார்கள், குத்துமதிப்பா?

அண்ணி

மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

கம்பைலர் வாயை மூடிவிட்டது! பதினொரு மாறிலிகள் எழுதினேன். அதில் ஒன்றுக்கு மட்டும் இரண்டு கெர்னல்களில் வேறு எண். நீங்கள் சொல்லாவிட்டால் ஏமாந்திருப்பேன். சாப்பிடுகிறேன். சாப்பாட்டு அறையில் ஜன்னலே இல்லை, அதனால் எந்த வேளை என்றுதான் தெரிவதில்லை.

குத்துமதிப்பில்லை அண்ணி. அளந்ததுதான், துல்லியமாக நாற்பது.

இப்போது வேறு இரண்டு சிக்கல். பழைய கெர்னல்களில் ஸ்ட்ரக்டுக்குள் ஒரு ஃபீல்டுக்குப் பெயரே வேறு. இது ஒன்று. இன்னொன்றுதான் பெரியது. நேற்று இங்கே மறுபடி உறைந்தது. நல்லவேளை, அப்போது அழைப்பு எதுவும் இல்லை. என் புரோகிராம் அதைப் பிடித்துவிட்டது. கெர்னல் டிஸ்குக்கு வேலை அனுப்புகிறது, அது டிஸ்கை இயக்கும் கண்ட்ரோலர் மாட்யூலுக்குள் நுழைகிறது, நாற்பது நொடி கழித்து வெளியே வருகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியவில்லை. அந்த மாட்யூலுக்கு வகைக் குறிப்பும் இல்லை, ஹெடரும் இல்லை. மூல நிரல் எங்கேயோ தொலைந்துவிட்டதாம். உங்கள் காலத்து மாட்யூல்தான். அதன் ஸ்ட்ரக்ட் எப்படி இருக்கும் என்று நினைவிருக்கிறதா?

ஹலோ சாருக்கு இருபத்தெட்டாம் தேதி விசாரணை. "நான் எதையும் அழுத்தலம்மா. அழுத்தினேனோன்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு" என்கிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வாலு

மார்ச் 17

வாலுக்கு,

பெயர் மாறிய ஃபீல்டுக்கு வழி எளிது. முழு ஸ்ட்ரக்டும் எழுதாதே. உனக்கு வேண்டிய ஃபீல்டு மட்டும் உள்ள குட்டி ஸ்ட்ரக்ட் போதும். அது இருக்கும் இடம் எங்கே என்பதை, புரோகிராமை ஏற்றும்போது கெர்னலின் குறிப்பைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். பழைய பெயருக்கு இன்னொரு குட்டி ஸ்ட்ரக்ட். அதே பெயரின் பின்னால் மூன்று அடிக்கோடு போட்டு 'பழசு' என்று வால் சேர்த்தால் போதும், அடிக்கோட்டுக்குப் பின்னால் இருப்பதைக் கணக்கில் எடுக்காது. இந்த ஃபீல்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எதைப் படிப்பது என்று முடிவு செய்.

மாட்யூல் பற்றி எனக்கு நினைவில்லை. ஆறு வருஷமாகிவிட்டது. சின்னதுக்குக் காய்ச்சல், அதனால் நீட்டி எழுதவில்லை.

அண்ணி

மார்ச் 20

அண்ணிக்கு,

பழைய பெயர் வேலை முடிந்தது. சின்னதுக்குக் காய்ச்சல் விட்டதா?

மாட்யூலின் ஸ்ட்ரக்டை மூன்று நாளாக ஊகித்துப் பார்க்கிறேன். எட்டு பைட் தள்ளிப் படிக்கிறேன், பதினாறு தள்ளிப் படிக்கிறேன். வருவதெல்லாம் குப்பை. குறிப்பு இல்லாததால் எதையும் தானாகத் திருத்திக்கொள்ளாது. எழுதியவருக்கு மட்டும் தெரிந்த வரிசை அது.

எழுதியவர் யார் என்று பார்த்தேன். மாட்யூலுக்குள்ளேயே அது பதிந்திருக்கிறது. உங்கள் பெயர் இருக்கிறது அண்ணி. கூடவே நம் குடும்பப் பெயரும்.

கோபமில்லை என்று எழுதி அடித்துவிட்டேன். விசாரணைக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. ஹலோ சார் தப்பை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் எல்லோரும் வெளியே போகலாம் என்று மேலாளர் அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். அவரும் போட்டுவிடுவார் போலிருக்கிறது. நினைவில்லை என்று இன்னொரு தடவை எழுதுவதானால் எழுதவே வேண்டாம்.

வாலு

மார்ச் 23

வாலு,

நினைவிருக்கிறது. உன் முதல் கடிதத்தில் நாற்பது நொடி என்று படித்ததுமே என் மாட்யூல் ஞாபகம் வந்தது. அதனால்தான் அளந்தா சொன்னார்கள் என்று கேட்டேன்.

வயிற்றில் சின்னது ஏழு மாதம். மாட்யூலைக் கொடுக்க நான்கு நாள்தான் இருந்தது. டிஸ்க் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்க நேரமில்லை. பூட்டைப் பிடித்துக்கொண்டே நாற்பது நொடி காத்திரு என்று எழுதிவைத்தேன். அந்தப் பூட்டு திறக்கும்வரை வேறு எந்த வேலையும் உள்ளே போக முடியாது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தேன். பேறுகால விடுப்பில் போனவள் திரும்பிப் போகவே இல்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

ஸ்ட்ரக்டைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஆறு ஃபீல்டுகள், வரிசை மாறாமல். நான்காவதுதான் காத்திருக்கும் நேரம், மில்லி நொடியில். நாற்பதாயிரம் என்று வரும். அப்படி வந்தால் இந்தக் கடிதத்தை விசாரணையில் கொடுத்துவிடு.

எழுதும்போது அண்ணன் வந்து நின்றார். "யாருக்கு எழுதற?" என்றார். "உங்க தங்கச்சிக்கு" என்றேன். "நானும் கேட்டதா எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. இந்த வீட்டில் இரண்டு வாரமாக எந்த அறையில் இருந்தாலும் கதவைத் திறந்தே வைத்துக்கொள்கிறேன்.

அண்ணி

மார்ச் 28

அண்ணிக்கு,

நாற்பதாயிரம் வந்தது. முப்பது மையங்களிலும் அதே நான்காவது இடத்தில், அதே எண்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். மேலாளர் இரண்டு தடவை படித்துவிட்டு, "இத உள்ளுக்குள்ளேயே முடிச்சுக்கலாமே" என்றார். முடியாது என்றேன். கணவரை இழந்த அந்தப் பெண்ணுக்கும் ஒரு நகல் போகிறது. ஹலோ சார்மேல் இருந்த பழி நீங்கிவிட்டது. அவர் கடிதத்தைக் கடைசிவரை படித்தார். "ஏழு மாசமா" என்று மட்டும் கேட்டார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

கதவைத் திறந்துவிட்டார்கள். போனையும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நான் இன்னும் கிளம்பவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எதுவும் தெரியாதவள் போல உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது. நான் சொல்லவும் மாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொன்னதும் எழுதுங்கள், போன் வேண்டாம். அதுவரை இங்கேயே இருக்கிறேன்.

வாலு

ஏப்ரல் 4

வாலுக்கு,

சொல்லிவிட்டேன்.

அண்ணன் இரண்டு நாள் வெளியிலேயே சாப்பிட்டார். மூன்றாம் நாள் உன் அறையைப் பெருக்கித் துடைத்தார். "அவளாவது வரட்டும்" என்றார்.

என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாளை கிளம்புகிறேன். எப்போது விடுவார்கள் என்று தெரியாது. நீ இருக்கும் அதே அறையைத்தான் கொடுப்பார்களாம். சின்னது நான் ஊருக்குப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ வந்து அவள் பக்கத்தில் இரு.

அண்ணி